சங்கராபரணியிலிருந்து வீராம்பட்டினம் வரை: புதுவைக் கிராமங்களில் ஒரு நாள்

புதுச்சேரிப் பகுதியின் நிலம் ஒரே துண்டாக இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய ஐந்து கொம்யூன்கள் சேர்ந்தது அதன் கிராமப்புறம். இங்கே ஒரு சாலை சில ஊர்களைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் நுழையும். கொஞ்ச தூரத்தில் மறுபடி புதுச்சேரிக்கே திரும்பிவிடும். எல்லையைக் காட்டும் பலகை எல்லா இடத்திலும் இருக்காது. பெட்ரோல் பங்கின் விலைப் பலகையும், மதுக்கடைகளின் வரிசையும், வண்டிகளின் ‘பி.ஒய்.’ எண்ணும்தான் எந்த ஆட்சிப் பரப்பில் நிற்கிறோம் என்பதைச் சொல்லும்.

இந்தச் சிதறலுக்குக் காரணம் 18ஆம் நூற்றாண்டுப் போர்கள். 1749இல் ஆம்பூர்ப் போருக்குப் பின், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு தரப்புக்குத் துணை நின்றதற்கு ஈடாக, வில்லியனூர், பாகூர் வட்டாரங்கள் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் கைக்கு வந்தன. பிறகு இந்த ஊர்கள் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே பலமுறை கைமாறின. கடைசியாக 1816இல் பிரான்சுக்குத் திருப்பித் தரப்பட்டபோது, நடுநடுவே ஆங்கிலேயர் நிலம் இருக்க, துண்டுதுண்டாகவே வந்து சேர்ந்தன. 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை இவற்றைக் கொம்யூன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேரை, அதாவது தலைவரை, வைத்தது. மேர் பதவி போய்விட்டது. ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற சொல் மட்டும் இன்றும் அலுவலகப் பலகைகளில் இருக்கிறது.

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தெருக்களின் வயது முந்நூறு ஆண்டுக்கு உட்பட்டது. இந்த அத்தியாயம் சொல்லும் வழியில் பல்லவர் காலக் கல்விச்சாலை இருந்த ஊரும், ரோமானிய மதுச்சாடிகள் வந்திறங்கிய துறையும் உள்ளன. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், அந்த நாளை இந்தப் பக்கம் செலவிடுவதே சரி.

சுற்று முழுவதும் அறுபது, எழுபது கிலோமீட்டருக்குள் அடங்கும். இருசக்கர வண்டியோ வாடகைக் காரோ வசதி. பேருந்தில் போகிறவர்கள் வில்லியனூர், பாகூர், வீராம்பட்டினம் என்ற மூன்று இடங்களை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம்: ஏரிகளில் தண்ணீர் நிற்கும், சம்பா கதிர் முற்றியிருக்கும், வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும்.

வில்லியனூர்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர். விழுப்புரம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் புதுச்சேரி வரை போகாமல் வில்லியனூர் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். இந்தப் பாதை 1879இல் திறக்கப்பட்டது.

காலை ஏழு மணிக்குள் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட வேண்டும். சோழர் காலக் கோயில், அம்மன் கோகிலாம்பாள். ஊர் கோயிலைச் சுற்றியே அமைந்திருக்கிறது. நான்கு மாட வீதிகளையும் ஒருமுறை நடந்து வந்தால் தேர் ஓடும் வழியும் கடைத்தெருவும் பழைய ஓட்டு வீடுகளும் சேர்ந்து கண்ணில் பட்டுவிடும். வைகாசித் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. ஆட்சி மாறிய பின்னும் அந்த வழக்கம் விடப்படவில்லை. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் தொட்டுத் தேரை நகர்த்துகிறார்கள். தேர் நாளில் ஊருக்குள் வண்டி நுழையாது. அன்று வருகிறவர்கள் வண்டியைப் புறத்தே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் தூய லூர்து அன்னை திருத்தலம். பிரான்சின் லூர்து, பிரனே மலையடியில் உள்ள ஊர். 1858இல் அங்கே நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அன்னையின் காட்சிகள் உலகெங்கும் பேசப்பட்டு இருபது ஆண்டு ஆவதற்குள், 1877இல், வில்லியனூருக்கு அன்னையின் சொரூபம் வந்துவிட்டது. ஆலயத்தின் முன் படிக்கட்டுகளோடு ஒரு குளம் உண்டு. சிவன் கோயில் தெப்பக்குளத்தைப் போலவே வெட்டப்பட்ட குளம். பக்தர்கள் அதில் கால் நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு, மெழுகுவர்த்தியோடு உள்ளே போகிறார்கள். ஈஸ்டருக்குப் பின் வரும் ஆண்டுப் பெருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் மக்கள் நடந்தே வருவார்கள். தேர்ப்பவனியில் எல்லாச் சமயத்தாரையும் காணலாம்.

வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்த மண்ணில் வேலை செய்யும் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அய்யனார் குதிரை அளவிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் பொம்மை வரை செய்கிறார்கள். வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்த்து வாங்க வேண்டும். நன்றாகச் சுட்ட மண் கணீரென்று ஒலிக்கும். வேகாதது மொத்தென்று கேட்கும்.

திருக்காஞ்சியும் கீழூரும்

வில்லியனூருக்குத் தெற்கே சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சி. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வரும் இந்த ஆற்றுக்குச் செஞ்சியாறு, வராகநதி என்றும் பெயர். கங்கைவராக நதீஸ்வரர் கோயிலின் படித்துறை அதன் மேல் இறங்குகிறது. காசியைவிட வீசம் கூடுதல் புண்ணியம் என்பது ஊர்வழக்கு. மாசி மகத்தன்று கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் முன்னோருக்குத் திதி கொடுக்க வருகிற சில குடும்பங்கள் மட்டுமே படியில் இருக்கும். மழைக்காலத்தில் நீர் வேகமாக ஓடும். அப்போது கடைசிப் படிகளில் இறங்கக் கூடாது.

அடுத்தது கீழூர், வில்லியனூருக்குத் தென்மேற்கே. பயணத் திட்டங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஊர் இது. விடக் கூடாத ஊர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சு இந்தியாவின் சட்டமன்ற, நகரசபை உறுப்பினர்கள் 178 பேர் இங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. அதையடுத்து நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது. 1956இல் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர அத்தனை ஆண்டுகள் ஆயின.

ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் பயணங்களில் கெர்னிகா ஊரின் ஓக் மரம் தவறாமல் இடம்பெறும். பிஸ்காய நாட்டுப் பிரதிநிதிகள் தலைமுறை தலைமுறையாக அதன் கீழ் கூடித் தம் காரியங்களை முடிவு செய்தார்கள். 1937 ஏப்ரல் 26இல் ஊர் குண்டுகளால் தரைமட்டமானபோதும் மரம் தப்பியது. அங்கே வருகிறவர்களுக்கு அதன் கதையைச் சொல்லாமல் யாரும் அனுப்புவதில்லை. கீழூருக்கும் அந்த மதிப்பு உரியது. நினைவுத்தூணும் சிறிய மண்டபமும்தான் இருக்கின்றன, சுற்றிலும் வயல். ஆகஸ்ட் 16இல் கொடியேற்றும்போது கூட்டம் வரும். மற்ற நாளில் வருகிறவருக்கு அங்கே துணை, வயலிலிருந்து வரும் காற்றுதான். பிள்ளைகளோடு வருகிறவர்கள் அரைமணி நேரம் ஒதுக்கி, 170, 8 என்ற அந்த இரண்டு எண்களையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

பாகூர்

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகத் தெற்கே போகும் சாலை பாகூரை அடைகிறது. வழி நெடுகக் கரும்பு, நெல், சவுக்கு, நடுவில் செங்கற்சூளை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயர் பாகூருக்கு உண்டு. அதன் பொருள் தை மாதத்தில் வந்தால் விளங்கும்: சாலையில் பாதி இடத்தை உலர்த்தப்பட்ட நெல் பிடித்துக்கொள்ளும். வண்டி ஓட்டுகிறவர்கள் அதன் மேல் ஏறாமல் ஒதுங்கிப் போக வேண்டும்.

கோயில் உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடும் என்பதால் பதினொரு மணிக்குள் மூலநாதர் கோயிலில் இருப்பது நல்லது. அம்மன் வேதாம்பிகை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சோழர் காலக் கற்கோயில், பூசையும் நடக்கிறது. ஊரின் பழைய பெயர் வாகூர். அழகிய சோழச் சதுர்வேதிமங்கலம் என்பது கல்வெட்டுப் பெயர். சுவர்க் கல்வெட்டுகளில் கவனிக்க வேண்டியவை கன்னரதேவன் என்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் காலத்தவை. 949இல் தக்கோலத்தில் சோழர் தோற்ற பின் தொண்டை நாட்டின் பெரும்பகுதி அவன் கைக்குப் போனது. அந்தத் தோல்வி இந்தச் சுவரில் ஆட்சியாண்டுக் கணக்காகப் பதிந்திருக்கிறது: சோழன் பெயர் வர வேண்டிய இடத்தில் வடக்கிலிருந்து வந்தவன் பெயர். ஆனால் பெயருக்குக் கீழே வரும் செய்தி மாறவில்லை. நிலம், விளக்கு, சபை, ஏரி. மன்னர் யாராக இருந்தாலும் ஊர்ச்சபை தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

எழுத்துகளைப் படிக்கப் பழகாதவர்கள் ஒன்று செய்யலாம். காலை வெயில் சுவர் மேல் சாய்வாக விழும் பக்கத்தில் நின்றால் வரிகள் நிழலோடு எழுந்து தெரியும். க, ட, ப, ம போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு அருகிலேயே இருப்பதால் கொஞ்சம் பொறுமை இருந்தால் பிடிபட்டுவிடும். கல்லின் மேல் எண்ணெயோ சுண்ணாம்போ தடவிப் பார்க்கக் கூடாது. இந்த வட்டாரக் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்தவர் இதே ஊர்க்காரரான பாகூர் சு. குப்புசாமி. அந்தத் தொகுப்பு புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களால் நூலாக வெளியிடப்பட்டது.

பாகூரின் மிகப் பெரிய செல்வம் இப்போது பாகூரில் இல்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெளியிடப்பட்ட செப்பேடுகள் 1879இல் இங்கே கிடைத்துப் பாரீசுக்குப் போய்விட்டன. வடமொழியும் தமிழும் கலந்த அந்தச் சாசனம், வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அந்த ஊர்கள். நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம் என்ற பதினான்கு துறைகள் கற்பிக்கப்பட்ட இடத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் போயிருக்கிறது. அந்தக் கல்வி யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதும் சாசனத்தின் பாடப்பட்டியலிலிருந்தே தெரியும். மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் உள்ள திருபுவனையிலும் இப்படி ஒரு கல்லூரி இருந்தது. முதலாம் இராசாதிராசன் காலத்து, 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவர்களையும் 12 ஆசிரியர்களையும் குறிப்பிடுகிறது. சின்னஞ்சிறு பகுதியில் இரண்டு கல்லூரிகள். கைவசம் இரண்டாவது நாள் இருந்தால் திருபுவனை வரதராசப் பெருமாள் கோயில், சம்பந்தர் பாடிய திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டில் முதலாம் இராசராசன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் மூன்றையும் விழுப்புரம் சாலையிலேயே பார்த்துவிடலாம்.

கோயிலிலிருந்து ஏரிக்கரை. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. இதற்கு நீர் மழையால் மட்டும் வருவதில்லை. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால், ஆற்று நீரை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. பங்காரி, சிங்காரி என்ற தாசிகுலத்துச் சகோதரிகள் தங்கள் செல்வத்தைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஊரார் சொல்வார்கள். மன்னர் பெயரை மறந்துவிட்ட ஊர், வாய்க்கால் வெட்டியதாகக் கருதும் இரண்டு பெண்களின் பெயரை மறக்கவில்லை. நீர் வரும் கால்வாய், தேக்கும் கரை, வயலுக்கு விடும் மதகு, மிஞ்சியதை வழியவிடும் கலுங்கு: ஏரிப்பாசனத்தின் நான்கு உறுப்புகளையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் காட்ட இதைவிட நல்ல ஏரி அருகில் கிடையாது. கரை மேல் நடந்தால் ஒரு பக்கம் நீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும். மறுபக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே, பச்சை வயலில் கொக்கு. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் வரும். கோடையில் ஏரி வற்றி ஆடுமாடு மேயும். பறவைக்காக வருகிறவர்கள் அப்போது வர வேண்டாம்.

ஊருக்குத் தெற்கே குருவிநத்தம், சோரியாங்குப்பம் ஆகியவை தென்பெண்ணைக் கரை ஊர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் கொட்டிய மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து வர, இந்த ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஏரியை வாழவைக்கும் அதே ஆறுதான். நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கை இருந்தால் இந்தப் பக்கப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

இந்த வயல்களில்தான் 1752 செப்டம்பரில் பாகூர்ப் போர் நடந்தது. ஸ்டிரிங்கர் லாரன்சின் ஆங்கிலப்படை, தூப்ளேயின் உறவினர் கெர்ழான் தலைமையிலான பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து அவரையும் சிறைபிடித்தது. பார்ப்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை.

மதியச் சாப்பாட்டைப் பாகூர் கடைத்தெருவிலோ, கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்திலோ முடித்துக்கொள்ளலாம்.

கடற்கரை

கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்கள்: நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம், மணப்பட்டு. சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மணல். மணலில் பைபர் படகுகள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த குடியிருப்புகளைக் கடலிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். கடலில் இறங்கிக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு அதிகம். பாதுகாவலர் யாரும் இல்லை. வலை உலர்த்தும் இடத்தில் நடக்கும்போது மிதிக்காமல் போவதும், முகம் தெரியப் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்வதும் விருந்தாளி செய்ய வேண்டிய மரியாதை.

அங்கிருந்து வடக்கே திரும்பி, சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்து அரியாங்குப்பம். அதன் அருகே காக்காயந்தோப்பில், ஆற்றின் கரையில், அரிக்கமேடு. வெள்ளிக்கோளின் சூரியக் கடப்பைக் காண 1769இல் புதுச்சேரியில் காத்திருந்து, மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி இந்த மேட்டின் பழஞ்சுவர்களைப் பற்றி எழுதினார். 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரேய் இங்கே கிடைத்த மணிகளையும் ஓடுகளையும் கண்டு இடத்தின் பழமையை உணர்ந்தார். சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுச்சாடியின் துண்டைப் பார்த்துத் திடுக்கிட்ட தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்தார். பின்னர் கசால், 1989 முதல் விமலா பெக்லி குழு. இத்தாலியின் அரெட்டைன் மட்கலம், மதுச்சாடிகள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள், கண்ணாடி மணிகள் கிடைத்தன. கிரேக்கக் கடல் வழிநூலான பெரிப்ளசு சொல்லும் பொதுக்கே இதுதான் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து.

வருகிறவர் இதற்கெல்லாம் அடையாளம் தேடினால் ஏமாற்றமே. மாமரமும் தென்னையும் நிற்கும் தோப்பு, 18ஆம் நூற்றாண்டில் பினோ த பெஹேன் பாதிரியார் நடத்திய குருமடத்தின் செங்கல் எச்சம், கீழே ஆறு. ஆனாலும் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால், கடலின் அடி படாமல் கலம் ஒதுங்க ஏற்ற இந்த வளைவை வணிகர் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளக்கம் இல்லாமலே புரியும். அந்த ஒரு காட்சிக்காக வரலாம். மழைக்குப் பின் மண்ணில் மணி ஒன்று மின்னினாலும் எடுக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் அது குற்றம். கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் மேட்டுக்கு வருவது இன்னும் நல்லது.

வீராம்பட்டினம்

மாலை நான்கரைக்கு மேல் வீராம்பட்டினம். மீனவர் ஒருவரின் வலையில் மீனுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை அகப்பட்டது, கோடரி பட்ட இடத்தில் குருதி கசிந்தது, அதுவே செங்கழுநீர் அம்மன் என்பது தலக்கதை. ஆடி மாத ஐந்தாம் வெள்ளியில் தேரோட்டம். வில்லியனூரைப் போலவே இங்கும் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம் தொடர்கிறது.

கோயிலைத் தாண்டினால் கடல். கரையில் ஏலம் நடந்தால் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். படகிலிருந்து கூடை இறங்கியதும் பெண்கள் சுற்றி நிற்பார்கள். விலை சொல்கிறவர் குரல் ஏறிக்கொண்டே போகும். ஒரு பெண் தலையை லேசாக அசைத்ததும் கூடை அவருடையதாகிவிடும். சங்கரா, மத்தி, கானாங்கெளுத்தி, நல்ல நாளில் வஞ்சிரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது மீன் வரத்து குறையும், விலை கூடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. புதுச்சேரியில் வாங்கிய மதுப்புட்டிகளோடு திரும்புகிறவர்கள், வழியில் தமிழ்நாட்டு எல்லை குறுக்கிட்டால் சோதனையில் சிக்குவார்கள். இந்தச் சுற்றின் பல சாலைகளில் எல்லை எங்கே வரும் என்று சொல்ல முடியாது என்பதால் எதையும் எடுத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது. வீராம்பட்டினத்திலிருந்து அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்கு நகரப் பேருந்து உண்டு. இருட்டுவதற்குள் புறப்பட்டால் ஊர் திரும்பும் ரயிலையோ பேருந்தையோ அவசரமில்லாமல் பிடிக்கலாம்.